காடிகனின் விலையும் பின்னியவரின் கூலியும்

கைப்பணிக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் இதைத் தவறாமல் கண்டிருப்பார்கள். மேசையில் மடித்து வைத்த கம்பளிக் காடிகன் ஒன்றை ஒருவர் எடுத்து விரிப்பார். முன்பக்கத்தில் கயிறு கயிறாக முறுக்கி ஓடும் பின்னலை விரலால் தடவிப் பார்த்து, "எவ்வளவு அருமையான வேலை" என்பார். பிறகு விலைத் துண்டைப் பார்ப்பார். மடிப்புக் கலைந்தபடியே அதை வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். விற்க வந்த பெண் அடுத்த கண்காட்சியில் விலையைக் குறைத்துப் போடுவார். இப்படிக் குறைத்துக் குறைத்து, ஈற்றில் அந்த விலையில் நூலின் காசைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு, அது எத்தனை நாள் உழைப்புக்குக் கிடைத்தது என்ற கணக்கை வாங்க வந்தவரும் பார்ப்பதில்லை, விற்க வந்தவரும் பார்ப்பதில்லை. வகுப்பை நடத்திய நிறுவனமும் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கிராமப் பெண்களின் வருமானத்தைப் பெருக்கும் வழிகள் என்று பட்டியலிடும்போது தையல், பின்னல், பன்னவேலை ஆகியன முதலில் வந்துவிடுகின்றன. பெரிய முதல் வேண்டாம், வீட்டில் இருந்தபடியே செய்யலாம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்பன இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இவை பொய்யான காரணங்கள் அல்ல. பின்னலின்மேல் எமக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் ஓர் உடுப்பைப் பின்ன எத்தனை மணிநேரம் சென்றது என்று எழுதி வைக்காத பின்னல் திட்டத்தை வருமானத் திட்டம் என்று அழைப்பது முறையல்ல என்பதே எமது நிலைப்பாடு. அதைப் பொழுதுபோக்கு வகுப்பு என்று சொல்லி நடத்தினால் யாருக்கும் ஆட்சேபனை இராது.

கயிற்றுப் பின்னல் போட்ட காடிகனை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பின்னல் வேலைகளுள் பார்ப்பவரை அதிகம் கவர்வதும், உழைப்பை அதிகம் விழுங்குவதும் அதுவே.

கயிறு விழும் விதம்

பின்னலில் அடிப்படைக் கண்ணிகள் இரண்டுதான். வகுப்புகளில் பிளேன் என்றும் பேர்ள் என்றும் சொல்வார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றது. கேபிள் எனப்படும் கயிற்றுப் பின்னலில் மூன்றாவதாக ஒரு கண்ணி இல்லை. கண்ணிகளைப் பின்னும் ஒழுங்கை மாற்றுவதே அங்கு நடக்கிறது. ஆறு பிளேன் கண்ணிகள் அருகருகே ஏறி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றையும் பின்னாமல், இருமுனையும் கூரான ஒரு சிறிய துணை ஊசிக்கு மாற்றித் துணியின் முன்பக்கம் தொங்க விடவேண்டும். அடுத்த மூன்றையும் முதலில் பின்னிய பிறகு, காத்திருக்கும் மூன்றையும் எடுத்துப் பின்னவேண்டும். இரு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு இடப்பக்கம் சாயும். துணை ஊசியைத் துணியின் பின்பக்கம் விட்டால் வலப்பக்கம் சாயும். ஆறு வரிக்கோ எட்டு வரிக்கோ ஒருமுறை இதையே செய்துகொண்டு போனால் கயிறு தானாக உருவாகும். இரு கரையிலும் பேர்ள் கண்ணிகளைத் தரையாக விட்டால் கயிறு புடைத்துத் தெரியும். முடி பின்னத் தெரிந்த எவருக்கும் இது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும். கயிற்றுப் பின்னல் அறிவுக்கு எட்டாத வித்தை என்று பயமுறுத்தும் ஆசிரியர்களை நாம் நம்பவேண்டியதில்லை.

வில்லங்கம் வேறிடத்தில் இருக்கிறது. கண்ணிகள் குறுக்கிடும் இடமெல்லாம் துணி உள்ளே இழுபடும். சாதாரண பிளேன் பின்னலில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 18 கண்ணிகள் போதுமானால், அதே நூலில், அதே ஊசியில், கயிறு நெருக்கமாக ஓடும் பின்னலுக்கு 22 அல்லது 24 கண்ணிகள் வேண்டியிருக்கும். இதை அறியாமல் பிளேன் மாதிரித் துண்டை அளந்து கண்ணி போட்டவர், தமக்கென்று தொடங்கிய உடுப்பைத் தம் பிள்ளைக்கு அணிவிக்க நேரிடும். ஆகவே மாதிரித் துண்டையும் கயிற்றுப் பின்னலிலேயே பின்னி, கழுவி, உலர்த்தி அளக்கவேண்டும். கண்ணி கூடும்போது நூலும் கூடுகிறது. வளர்ந்த ஒருவருக்கான காடிகன் ஒரு கிலோவை நெருங்கிவிடும். அந்த இழுபட்ட, இரட்டித்த துணிக்குள் காற்று தங்குவதாலேயே அது குளிரைத் தாங்குகிறது.

நூல் விடயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பளிக்கு இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் குணம் உண்டு. கண்ணிகளைக் குறுக்கே இழுத்துப் பின்னும்போது அது இடங்கொடுக்கும். பருத்தி நூல் இடங்கொடாது. கை நோகும், உடுப்பும் பாரத்தில் கீழே தொங்கிவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூலில் பின்னலாம், ஆனால் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை ஒருமுறை அழுத்தினால் கயிறு தட்டையாகிவிடும், மீண்டும் எழும்பாது. எமது நாட்டில் செம்மறி உண்டே என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்துச் செம்மறி மயிர் இனத்தைச் சேர்ந்தது. இறைச்சிக்கு உதவும், பின்னலுக்குக் கம்பளி தராது. எனவே நல்ல நூல் என்பது காசு கொடுத்து வாங்கவேண்டிய பிறநாட்டுப் பொருளாகவே எமக்கு இருக்கிறது. முதல் வேண்டாத தொழில் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

தலையால் மாட்டும் சுவெற்றரைவிடக் காடிகன் கடினம். முன்பக்கம் இரண்டு துண்டாக வரும். வலத் துண்டில் கயிறு ஒருபக்கம் சாய்ந்தால் இடத் துண்டில் மறுபக்கம் சாயவேண்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. வரிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இல்லாவிட்டால் பொத்தானைப் பூட்டும்போது கயிறுகள் மேலும் கீழுமாக நிற்கும். பொத்தான் பட்டிக்கு ஓரத்தில் இருந்து கண்ணி எடுக்கும்போது நான்கு வரிக்கு மூன்று கண்ணி என்ற அளவில் எடுப்பது வழக்கம். கூட எடுத்தால் பட்டி அலையலையாக நெளியும், குறைய எடுத்தால் முன்பக்கம் மேலே இழுபட்டு நிற்கும். கயிறு தொடங்கும் இடத்தில் கண்ணியைக் கூட்டவும், முடியும் இடத்தில் குறைக்கவும் மறந்தால் கீழ்விளிம்பு பாவாடைபோல விரியும். பின்னத் தெரிந்தவர்கள் ஒரு காடிகனை எடுத்தவுடன் இந்த இடங்களைத்தான் பார்ப்பார்கள். வாங்க வருபவருக்கு இவை தெரியாது. அவர் கயிற்றைப் பார்ப்பார்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். மார்பு சுற்றளவு ஏறத்தாழ 100 சென்ரிமீற்றர் உள்ள காடிகனுக்கு முதுகுத் துண்டு 50 சென்ரிமீற்றர் அகலம். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி என்றால் 110 கண்ணிகள். 65 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 170 வரிகள். பெருக்கினால் 18,700 கண்ணிகள். இரு முன்துண்டுகளும் சேர்ந்து இன்னொரு 18,700. கைகள் கீழே ஒடுங்கி மேலே விரிவதால் சராசரியாக 80 கண்ணி, 120 வரி என்று கொண்டால் ஒரு கைக்கு 9,600, இரண்டுக்கும் 19,200. பட்டியும் கழுத்தும் சேர்த்து மொத்தம் கிட்டத்தட்ட 60,000 கண்ணிகள். பிளேன் பின்னலில் கை ஓடுகிற வேகம் கயிற்றுப் பின்னலில் ஓடாது. பழகிய ஒருவர் நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுவார் என்று தாராளமாக வைத்தாலும் 3,000 நிமிடங்கள், அதாவது 50 மணிநேரம். துண்டுகளை இணைத்தல், பொத்தான் தைத்தல், கழுவி வடிவமைத்தல், பிழைத்துப்போன வரியை அவிழ்த்து மீண்டும் பின்னுதல் எல்லாவற்றுக்கும் இன்னொரு 10 மணிநேரம். ஆக 60 மணிநேரம். எட்டு மணிநேரத்தை ஒரு நாள் என்று கொண்டால் ஏழரை நாள்.

உங்கள் பகுதியில் வயலிலோ தோட்டத்திலோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலியை ஏழரையால் பெருக்குங்கள். அதனுடன் ஒரு கிலோ நூலின் விலையையும் சேருங்கள். வருகிற தொகைக்குக் குறைவாக அந்தக் காடிகன் விற்கப்பட்டால், பின்னியவர் கூலிக்காரருக்கும் குறைந்தவராக நடத்தப்பட்டிருக்கிறார். இலாபம் என்ற பேச்சுக்கு நாம் இன்னும் வரவேயில்லை.

ஓய்வு நேரம் என்ற கற்பனை

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். அவர்கள் ஓய்வு நேரத்தில்தானே பின்னுகிறார்கள், சும்மா இருக்கும் நேரத்துக்குக் கூலி எதற்கு என்று கேட்பார்கள். கிராமத்தில் ஒரு பெண் சும்மா இருக்கும் நேரம் எது என்று இப்படிக் கேட்பவர்கள் ஒருநாள் தங்கியிருந்து பார்ப்பது நல்லது. தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலிக்குப் போய் வந்து, மீண்டும் சமைத்து முடித்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னும் இரண்டு மணிநேரம் அது. அதை நித்திரையில் இருந்துதான் அவர் எடுக்கிறார். இப்படி முப்பது இரவுகள் சேர்ந்தால்தான் ஒரு காடிகன். ஓர் ஆண் இரவில் காவல் வேலைக்குப் போனால் அதை ஓய்வு நேரம் என்று யாரும் சொல்வதில்லை.

அரன் தீவுகளின் கதை

கயிற்றுப் பின்னல் என்றதும் உலகெங்கும் பலருக்கு நினைவுக்கு வருவது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாயில் உள்ள மூன்று சிறு தீவுகள். இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர் என்பன அவற்றின் பெயர்கள். அரன் தீவுகள் என்பது பொதுப்பெயர். மண் குறைவு, கல் அதிகம். கடற்பாசியையும் மணலையும் பாறைமேல் பரப்பி மண் உண்டாக்கிப் பயிர் செய்த மக்கள். வெண்மையான, சாயமிடாத கம்பளியில், கயிறும் வைரமும் தேன்கூடும் போன்ற கோலங்களுடன் பின்னிய அரன் சுவெற்றர் இத்தீவுகளின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அந்தச் சுவெற்றரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒன்று கடைகளில் சொல்லப்படும் கதை, மற்றையது உண்மையில் நடந்த கதை. எமக்குப் பயன்படுவது இரண்டாவது.

கடைக் கதையின்படி இந்தக் கோலங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய் மகளுக்குக் கையளித்து வந்தவை. கயிறு மீனவரின் கயிற்றைக் குறிக்கும், தேன்கூடு உழைப்பைக் குறிக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கோலம் உண்டு, கடலில் இறந்தவரின் உடல் கரையொதுங்கினால் கோலத்தைப் பார்த்து அடையாளம் காண்பார்கள் என்றெல்லாம் சொல்லுவார்கள். குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய கோலத்தில் சுவெற்றர் தரும் வியாபாரமும் இன்று நடக்கிறது.

இந்தக் கதையின் பெரும்பகுதிக்கு ஆதாரம் இல்லை. ஒக்ஸ்போட்டில் நூல் கடை நடத்திய ஹைன்ஸ் எட்கார் கீவ் என்பவர் 1936 இல் டப்ளினில் ஒரு வெள்ளைச் சுவெற்றரை வாங்கி, அதன் கோலங்களுக்கும் கி.பி. 800 அளவில் எழுதப்பட்ட கெல்ஸ் நற்செய்திச் சுவடியின் ஓவியங்களுக்கும் தொடர்பு கண்டதாகச் சொன்னார். 1967 இல் இதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். இறந்தவரை அடையாளம் காணும் கதைக்கு ஜோன் மிலிங்டன் சிங் எழுதி 1904 இல் மேடையேறிய நாடகம் ஒன்று விதையிட்டது. அதில் அடையாளம் காட்டுவது சுவெற்றர் அல்ல, ஒரு காலுறை. அதிலும் கோலம் பேசப்படவில்லை, சகோதரி தான் போட்ட கண்ணிகளின் எண்ணிக்கையை வைத்தே இனங்காண்கிறாள். கீவின் கூற்றுகளைத் தக்க ஆராய்ச்சியுடன் மறுத்தவர் ரிச்சர்ட் ரட். கைப்பின்னலின் வரலாற்றைப் பற்றி 1987 இல் அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அப்போது அவர் லெஸ்ரர் மறைமாவட்டத்தின் அங்கிலிக்கன் ஆயராக இருந்தவர். பின்னல் ஊசி எடுத்த ஆயர் ஒருவர் இருந்தார் என்பது எமது வாசகர்கள் சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

நடந்த கதை பின்வருமாறு. நிலம் மக்களைத் தாங்காத மேற்கு அயர்லாந்துப் பகுதிகளுக்கென 1891 இல் அரசு ஒரு சபையை அமைத்தது. சன நெருக்கடி மாவட்டங்கள் சபை என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். துறைமுகம் கட்டுதல், மீன்பிடிப் படகு வழங்குதல், பெண்களுக்கு லேஸ், பின்னல் போன்ற வகுப்புகள் நடத்துதல் எல்லாம் அதன் வேலைகள். இன்று நாம் கிராமிய அபிவிருத்தி என்று சொல்வதன் முன்னோடிகளில் ஒன்று அது. 1923 இல் அது கலைக்கப்பட்டது. மீன்பிடி வளர்ந்தபோது தீவுக்காரருக்கும் வெளியூர் மீனவருக்கும் தொடர்பு ஏற்பட்டது. ஸ்கொற்லாந்து, இங்கிலாந்துக் கரையோரங்களில் மீனவர்கள் அணிந்த இறுக்கமான நீலச் சுவெற்றரைப் பார்த்து, அதன் பின்னலைத் தீவுப் பெண்கள் கற்றார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கற்றதோடு நிற்கவில்லை. தடித்த வெள்ளை நூலை எடுத்தார்கள், கயிறுகளைக் கூட்டினார்கள், ஒருவர் பின்னியதைப் பார்த்து மற்றவர் மிஞ்சினார்கள். இன்று நாம் அரன் என்று சொல்லும் சுவெற்றர் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் உருவானது.

எமது எண்ணத்தில் இந்த உண்மைக் கதை பொய்க்கதையைவிடப் பெருமை வாய்ந்தது. பொய்க்கதையில் அந்தப் பெண்கள் பழையதைக் காப்பாற்றி வைத்த பாத்திரங்கள் மட்டுமே. உண்மைக் கதையில் அவர்கள் வடிவமைப்பாளர்கள். பாடசாலைக் கல்வி அதிகம் இல்லாத தீவுப் பெண்கள், எழுதப்பட்ட மாதிரி எதுவும் இல்லாமல், தலைக்குள்ளேயே கணக்கிட்டு ஒரு தலைமுறைக்குள் ஒரு புதிய உடுப்பை உலகுக்குத் தந்தார்கள். பாரம்பரியம் என்ற சொல்லால் அவர்களைப் போர்த்திவிட்டால், கோலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை என்றாகிவிடுகிறது. சொந்தக்காரர் இல்லாத பொருளுக்கு விலை கேட்க ஆளும் இல்லை.

விலை கேட்க ஆள் வந்தது 1930களில். முறியல் கஹன் என்ற பெண்மணி, மேற்சொன்ன சபையில் பரிசோதகராக இருந்த ஒருவரின் மகள். சிறுவயதில் இருந்தே மேற்குப் பகுதிக் கிராமங்களை அறிந்தவர். 1930 டிசம்பரில் டப்ளின் நகரின் நடுவே, சென் ஸ்ரீபன்ஸ் கிறீன் சதுக்கத்தில், கிராமக் கைப்பணிகளை விற்பதற்கென்றே ஒரு கடையைத் திறந்தார். கண்ட்றி ஷொப் என்பது அதன் பெயர். சிற்றுண்டிச்சாலையும் சேர்ந்திருந்ததால் நகரத்தவர்கள் தேநீருக்கு வந்து கைப்பணியையும் பார்த்துப் போனார்கள். அரன் தீவுப் பெண்களின் பின்னல்கள் தலைநகரில் இடம்பிடித்ததில் இக்கடைக்குப் பெரும் பங்கு உண்டு. 1978 வரை அது நடந்தது. கைப்பணியாளருக்குத் தர்மம் வேண்டாம், சரியான விலையும் வாங்குபவரின் வாசலும் வேண்டும் என்ற எண்ணத்தில் உழைத்தவர் அவர். 1995 இல் 97 வயதில் இறந்தார்.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். 1950களில் நாகரிகப் பத்திரிகைகள் அரன் சுவெற்றருக்கு மாதிரிகள் வெளியிட்டன. 1961 இல் கிளான்சி சகோதரர்கள் என்ற அயர்லாந்துப் பாடகர்கள் வெள்ளைச் சுவெற்றருடன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் கேள்வி பெருகியது. தீவுகளில் இருந்த கைகள் போதவில்லை. நாடெங்கும் வீடுகளில் இருந்த பெண்களுக்கு நூல் கொடுத்து, பின்னியதை வாங்கும் முறை பரவியது. கூலி மணிக்கு அல்ல, உடுப்புக்கு. எத்தனை மணிநேரம் சென்றாலும் ஒரே தொகை. பிறகு இயந்திரம் வந்தது. இன்று அரன் என்ற பெயரில் கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை இயந்திரப் பின்னல்.

டன்லோவின் சங்கக்கடை

அதே அயர்லாந்தின் வடமேற்கில், டொனிகோல் மாவட்டத்தில், இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கு பெண்கள் வியாபாரியிடம் நூல் வாங்கிப் போய், காலுறை பின்னிக்கொண்டு வருவார்கள். கூலியைப் பணமாகக் கொடாமல் தேயிலையாகவும் சீனியாகவும் அதே வியாபாரியின் கடையிலேயே எடுக்கச் செய்வார்கள். பொருளின் விலையும் அவர் வைத்ததே, கூலியும் அவர் வைத்ததே. இப்படியான கடன்கார முதலாளிகளை அங்குள்ளவர்கள் கொம்பீன் மனிதர் என்று அழைத்தார்கள். எமது கிராமங்களில் இவர்களுக்கு என்ன பெயர் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

1906 இல் பற்றிக் கலகர் என்ற ஏழை விவசாயி, அயலவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு டன்லோ பகுதியில் ரெம்பிள்குறோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பசளையை மொத்தமாக வாங்கிப் பகிர்வதில் ஆரம்பித்த முயற்சி அது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1894 இல், ஹொரஸ் பிளங்கற் நிறுவிய விவசாயக் கூட்டுறவு இயக்கம் அதற்கு வழிகாட்டியது. அந்த இயக்கத்தின் முன்னணியில் இயேசு சபைக் குருவான தோமஸ் பின்லே அடிகளாரும் இருந்தார். கலகரின் சங்கம் சில ஆண்டுகளில் பின்னலுக்கும் ஒரு தொழிலகத்தை ஆரம்பித்தது. ஊசியை வைத்துவிட்டு இயந்திரத்தில் பெண்கள் பின்னினார்கள், கூலி காசாகக் கையில் கிடைத்தது. பழைய வியாபாரிகள் எதிர்த்தார்கள், சங்கம் நிலைத்தது. கலகர் தம் கதையை 1939 இல் நூலாக எழுதினார்.

கைவேலையைக் கைவிட்டு இயந்திரத்துக்குப் போவதா என்று மனம் வருந்துபவர்கள் உண்டு. நாம் அவ்வளவு வருந்தவில்லை. அரன் தீவுகளிலேயே, இனிஷ்மானில், 1976 இல் தொடங்கிய பின்னல் தொழிலகம் ஒன்று தீவின் பழைய உடுப்புகளின் வடிவங்களை எடுத்து இயந்திரத்தில் பின்னி, வெளிநாட்டு உயர்தரக் கடைகளுக்கு அனுப்பி வருகிறது. கையின் பெயரால் பட்டினி கிடப்பதைவிட இது மேல்.

எமது நிலைமை

இனி எமது பக்கம். இலங்கையில் கம்பளிக் காடிகன் தேவைப்படுவது மலைநாட்டில்தான். நுவரெலியாவில் குளிர் உடுப்பு விற்கும் கடைகள் வரிசையாக இருப்பதை அங்கு போனவர்கள் அறிவார்கள். அக்கடைகளில் தொங்குபவற்றுடன் எமது பெண்களின் கைப்பின்னல் விலையில் போட்டியிட முடியாது. கணினிப் பின்னல் இயந்திரங்கள் துணை ஊசி இல்லாமலே கண்ணிகளைக் குறுக்கிட்டுக் கயிறு விழுத்துகின்றன. அவை ஒரு காடிகனின் துண்டுகளைப் பின்னும் நேரத்தில் கையால் கீழ் விளிம்பு முடிந்திருக்காது. இந்த உண்மையைப் பெண்களுக்கு முதல்நாள் வகுப்பிலேயே சொல்லவேண்டும். சொல்லாமல் ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, பிறகு சந்தை இல்லை என்று கைவிரிப்பது அவர்களை ஏமாற்றுவதாகும்.

அப்படியானால் கைப்பின்னலுக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் ஒடுங்கிய இடம். அளவெடுத்துப் பின்னும் உடுப்பு, குழந்தைக்கும் முதியவருக்கும் ஏற்றபடி மாற்றிச் செய்யும் உடுப்பு, கிழிந்ததைத் திருத்துதல் ஆகியவற்றை இயந்திரக் கடை செய்யாது. குழந்தைத் தொப்பிக்குச் செல்வது ஒரு மாலைப்பொழுது. அதன் முன்விளிம்பில் ஒரே ஒரு கயிறு ஓடவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அழகு கிடைக்கும், பின்னியவருக்கும் கட்டுப்படியாகும். முழுக் காடிகனை முன்பணம் வாங்காமல் தொடங்கக்கூடாது. கண்காட்சி மேசையில் வைத்து ஆள் வருவாரா என்று பார்த்திருப்பதற்கு ஏழரை நாள் உழைப்பு மிக அதிகம்.

பங்குகளிலும் மாதர் சங்கங்களிலும் பின்னல் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூல் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம், அன்று பின்னிய வரிகள், செலவான நூலின் நிறை ஆகியவற்றை அவர்களே எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்கு மகளோ மகனோ எழுதிக் கொடுக்கட்டும். முதல் உடுப்பு முடிந்ததும் எல்லோரும் வட்டமாக இருந்து கொப்பிகளைக் கூட்டிப் பாருங்கள். விலையை ஆசிரியரோ குருவானவரோ திட்ட அலுவலரோ வைக்கவேண்டாம், பின்னியவர்களே வைக்கட்டும். "சகோதரி, இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?" என்று கேள்வி வரும். வாங்கமாட்டார்கள் என்றால் அந்த உடுப்பை விற்பனைக்குப் பின்னவேண்டாம் என்ற முடிவுக்கு அவர்களாகவே வருவார்கள். வேறு எதைப் பின்னலாம், பின்னலை விட்டு வேறு எதைச் செய்யலாம் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். சில இடங்களில் அது கோழி வளர்ப்பில் முடியலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலையைத் தாங்களே வைத்த பிறகு, கண்காட்சி மேசையில் விலைத் துண்டுடன் இன்னொரு துண்டையும் குத்திவைக்கலாம். நூல் இவ்வளவு, 60 மணிநேரக் கூலி இவ்வளவு என்று இரண்டு வரி போதும். பேரம் பேச விரும்புகிறவர் இரண்டில் எதைக் குறைக்கச் சொல்கிறார் என்று விற்பவர் கேட்கட்டும்.